நாட்டுக் குரங்கின் சுபாவமும் பயிர்ச் சேதமும்

மலையடிவாரக் கிராமங்களில் நிலக்கடலை காய் பிடிக்கும் சமயத்திலும், தென்னையில் இளங்காய் திரளும் சமயத்திலும் குடியானவர்கள் கூறும் முதல் முறையீடு குரங்கைப் பற்றியதாகவே இருக்கின்றது. பூச்சிக்கு மருந்து உண்டு, நோய்க்கு விதை நேர்த்தி உண்டு, குரங்குக்கு என்ன உண்டு என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வி நியாயமானதே. ஆனால் இப்பிராணியை விலக்கும் வழியைத் தேடுமுன், அது எவ்விதம் வாழ்கின்றது, எக்காரணத்தால் காட்டை விட்டு வயலுக்கு வருகின்றது, வந்தபின் ஏன் திரும்பிச் செல்ல மறுக்கின்றது என்பவற்றை அறிந்துகொள்ளுதல் அவசியமாகும். இவற்றை அறியாமல் வெடிக்கும் வலைக்கும் கூலிக்கும் செய்யப்படும் செலவில் பெரும்பகுதி வீணாகவே முடிகின்றது.

முதலாவது, எந்தக் குரங்கு என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் பயிருக்குச் சேதம் விளைவிப்பவற்றுள் முதன்மையானது நாட்டுக் குரங்கு. தலையின் நடுவில் மயிர் வகிடெடுத்தாற்போற் பிரிந்து குல்லாய் கவிழ்த்ததுபோல் இருப்பதால் இதனைக் குல்லாய்க் குரங்கு என்றும் சொல்வதுண்டு. பெரிய ஆண் குரங்கு சுமார் 6 முதல் 9 கிலோ எடையும், பெண் 3 முதல் 5 கிலோ எடையும் உடையவை. இவ்வினம் தென்னிந்தியாவுக்கே உரியது. வடக்கே தபதி, கோதாவரி நதிகளை ஒட்டிய பிரதேசங்களுக்கு அப்பால் இதன் இடத்தில் குட்டை வாலுடைய ரீசஸ் குரங்கு வசிக்கின்றது. இரண்டாவது, முகம் கறுத்து, உடல் சாம்பல் நிறமாய், நீண்ட வாலுடன் காணப்படும் மந்தி. பழைய நூல்கள் முசு என்று கூறுவது இவ்வகையையே என்பர். இது பெரும்பாலும் இலை தின்பது. இதற்குக் கன்னப்பை கிடையாது. துவரை, அவரை போன்றவற்றின் கொழுந்தையும் பிஞ்சையும் கடிக்குமேயன்றி, நாட்டுக் குரங்கைப்போல் வாரிக்கொண்டு ஓடுவதில்லை. மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைகளில் வாழும் சிங்கவால் குரங்கும் நீலகிரிக் கருமந்தியும் அருகி வரும் இனங்கள். சமவெளிக் குடியானவருக்கு அவற்றால் யாதொரு தொல்லையும் இல்லை. ஆகையால் இங்கே கூறப்படுவன யாவும் நாட்டுக் குரங்கைப் பற்றியனவே.

குரங்குகளைப் பற்றி நம் முன்னோர் நுணுக்கமாகவே கவனித்திருக்கின்றனர். ஆணுக்குக் கடுவன் என்றும் பெண்ணுக்கு மந்தி என்றும் தனித்தனிப் பெயர்களைத் தொல்காப்பிய மரபியல் குறிக்கின்றது. இன்றோ கிராமத்தில் எல்லாவற்றையும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே குணமுடையன என்று கருதிவிடுகின்றோம். ஒரு கூட்டத்தில் இருபதும் முப்பதும், சில இடங்களில் அதற்கு மேலும் குரங்குகள் இருக்கும். பல கடுவன்களும் பல பெண்களும் குட்டிகளும் அதில் சேர்ந்து வாழ்கின்றன. பெண் குட்டி பிறந்த கூட்டத்திலேயே ஆயுள் முழுவதும் தங்கிவிடும். தாய்க்குக் கூட்டத்தில் என்ன மதிப்போ, அதுவே பெரும்பாலும் மகளுக்கும் கிட்டும். ஆண் குட்டி வளர்ந்ததும் கூட்டத்தை விட்டு நீங்கி வேறு கூட்டத்தைத் தேடிச் செல்லும். ஊர் எல்லையில் தனியாகத் திரியும் கடுவனைக் கண்டு, அது விரட்டப்பட்டது அல்லது பித்துப் பிடித்தது என்று சொல்வார்கள். அநேகமாக அது இடம் மாறிச் செல்லும் இளங்கடுவனாகவே இருக்கும். சில நாட்களில் தானே அகன்றுவிடும். ஆனால் அந்தச் சில நாட்களில் யாரேனும் அதற்குச் சோறும் பழமும் இட்டுப் பழக்கிவிட்டால் அது தங்கிவிடும். பிள்ளைகள் கையிலிருக்கும் தின்பண்டத்தைப் பிடுங்கி உபத்திரவம் செய்வது இத்தகைய ஒற்றைக் குரங்குகளே பெரும்பாலும்.

கூட்டத்திற்கு நிலையான எல்லை உண்டு. தூங்கும் மரங்கள், நீர் குடிக்கும் இடம், எந்த மாதத்தில் எந்த மரம் பழுக்கும் என்பது ஆகிய அறிவு கூட்டத்தின் வயதான பெண்களிடம் தங்கியிருக்கின்றது. அவற்றைப் பார்த்துப் பார்த்துக் குட்டிகள் கற்றுக்கொள்கின்றன. குடியானவர் இவ்விஷயத்தை நன்கு மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரு தோட்டத்தில் சுளுவாக உணவு கிடைக்கும் என்று ஒரு தாய்க் குரங்கு கற்றுவிட்டால், அந்த அறிவு அதனோடு அழிவதில்லை. அதன் மகளுக்கும் பேத்திக்கும் சென்று சேர்கின்றது. மற்றப் பூச்சி புழுக்களைப்போல் ஒரு பருவத்தில் வந்து மறு பருவத்தில் மறையும் சேதம் அன்று இது.

கர்ப்ப காலம் ஏறத்தாழ ஐந்தரை மாதம். ஒரு ஈற்றுக்கு ஒரு குட்டியே. பெரும்பாலான குட்டிகள் மாசி முதல் சித்திரைக்குள் பிறக்கின்றன; ஆகவே கோடை முடியுமுன் கூட்டத்தில் பால்குடிக் குட்டிகள் நிறைந்திருக்கும். அச்சமயம் குட்டியருகே செல்வதும், வலையில் சிக்கிய குட்டியைக் கையால் எடுப்பதும் ஆபத்து. கூட்டம் முழுவதும் ஒன்று சேர்ந்து பாயும்.

இனி, அது வயலைக் கொள்ளையிடும் விதம். நாட்டுக் குரங்கின் இரு கன்னங்களிலும் உள்ளே பை உண்டு. கழுத்தின் பக்கம் வரை தொங்கி நிறையக் கொள்ளும். அது வயலில் உட்கார்ந்து தின்பதில்லை. ஓடி வந்து கன்னப்பை நிறையத் திணித்துக்கொண்டு, அருகிலுள்ள மரத்திற்கோ பாறைக்கோ சென்று, அங்கே சாவகாசமாக எடுத்து மெல்லுகின்றது. ஆகவேதான் மர நிழலை ஒட்டிய வரப்புகளில் சேதம் அதிகமாகவும், மரத்திலிருந்து எட்டி வெட்டவெளியில் உள்ள நடுப்பாத்திகளில் குறைவாகவும் காணப்படுகின்றது. தின்பதைவிடக் கெடுப்பது அதிகம் என்பதும் உண்மையே. நிலக்கடலைச் செடியைப் பிடுங்கி நாலு காயை உருவிவிட்டுச் செடியை எறிந்துவிடும். இளநீரில் ஒரு துளை கடித்து இரண்டு மடக்குக் குடித்து நழுவவிடும். மக்காச்சோளக் கதிரின் உறையைக் கிழித்துப் பார்த்து, பால் பிடிக்காவிட்டால் அடுத்த கதிருக்குப் போகும்; கிழிபட்ட கதிர் பின்னர் தேறுவதில்லை.

குரங்கு இரவில் வெளியே வருவதில்லை. சூரியன் உதித்த பிறகு மரத்தை விட்டு இறங்கி, காலையில் ஒரு முறையும், வெயில் தணிந்த பின் மாலையில் ஒரு முறையும் மேயும். நடுப்பகலில் நிழலில் தங்கி ஒன்றற்கொன்று பேன் பார்த்துக்கொண்டிருக்கும். இது எல்லோரும் கண்டதே. ஆயினும் காவல் முறையில் இதைக் கவனிப்பவர் குறைவு. காட்டுப் பன்றிக்காக இரவெல்லாம் விழித்திருந்த காவலாள் பொழுது விடியும் வேளையில் பரணில் கண்ணயர்கின்றான். கூட்டமோ அந்த வேளையில்தான் இறங்குகின்றது. பன்றிக் காவலும் குரங்குக் காவலும் ஒரே ஆளிடம் இருக்கலாகாது. வீட்டில் இருவர் முறை மாற்றிக்கொண்டால் போதுமானது. புதிதாகக் கூலி கொடுக்க வேண்டியதில்லை.

குரங்குகள் வயலுக்கு வருவதன் காரணத்தை வினவினால், காடு அழிந்தது என்ற ஒரே விடையை யாவரும் கூறுகின்றனர். அதில் பாதி உண்மை உண்டு. சாலைகளை அகலப்படுத்தியபோது இருமருங்கும் நின்ற ஆல், அத்தி, நாவல், புளி ஆகிய முதுமரங்கள் வெட்டப்பட்டன. அம்மரங்களையே நம்பித் தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்த கூட்டங்கள் ஊருக்குள்ளும் தோப்புக்குள்ளும் புகுந்தன. பலவிடங்களில் இக்குரங்கின் தொகை குறைந்தே வருகின்றது என்பதும், உலக இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் இதனை அழிவுக்கு இலக்காகும் இனங்களின் வரிசையில் வைத்திருக்கின்றது என்பதும் குடியானவர்களுக்கு வியப்பாகத் தோன்றலாம். நாடெங்கும் குறைந்து, சில ஊர்களில் மட்டும் திரளும் பிராணி இது. ஏன் அந்தச் சில ஊர்களில் திரளுகின்றது என்பதே விடையின் மறுபாதி. அங்கே மனிதர் அதற்கு உணவு இடுகின்றனர்.

சோளிங்கர் மலைப்படிகளிலும், அழகர்கோயிலிலும், பழனியிலும், கொடைக்கானல் செல்லும் மலைப்பாதையிலும் குரங்குகள் மனிதர் கையைப் பார்த்துக் காத்திருப்பதை அறியாதார் இலர். காட்டில் ஒரு குரங்கு இலையும் காயும் பூச்சியும் தேடி நாளின் பெரும்பகுதியைச் செலவிட வேண்டும். கோயில் வாசலில் அரை மூடித் தேங்காயும் இரண்டு வாழைப்பழமும் நொடியில் கிடைத்துவிடுகின்றன. இவ்விதம் கொழுத்த உணவு கிடைக்கும் கூட்டத்தில் பெண்கள் அடிக்கடி ஈனுகின்றன. குட்டிகள் அதிகம் பிழைக்கின்றன. கூட்டம் பெருகிப் பிளவுபட்டு, புதிய கூட்டம் அக்கம்பக்கத்துத் தோப்பில் குடியேறுகின்றது. பக்தர் திரளாக வரும் சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் வயிறு நிறைந்த குரங்குகள், கூட்டமில்லாத செவ்வாய், புதன் கிழமைகளில் எங்கே செல்லும்? மலையடிவாரத்து வயலுக்கே செல்லும். 2020ஆம் ஆண்டு ஊரடங்கில் கோயில்கள் மூடப்பட்டிருந்தபோது, இந்தப் பிச்சை உணவை மட்டுமே நம்பியிருந்த கூட்டங்கள் பசியால் தெருக்களில் அலைந்ததை நாட்டில் பலரும் கண்டனர்.

உணவிடுவதால் வரும் இரண்டாவது தீங்கு இன்னும் பெரிது. குரங்குக்கு மனிதனிடம் இயல்பாகவே அச்சம் உண்டு. குடியானவனுக்கு வேலியும் வெடியும் செய்யாத காவலை அந்த அச்சம் செய்கின்றது. கையிலிருந்து பழம் வாங்கி உண்ட குரங்கிடம் அந்த அச்சம் இராது. அதன் பிறகு கல்லெறிந்தாலும் பத்தடி விலகி உட்காருமேயன்றி ஓடாது. பெண்களும் சிறுவர்களும் விரட்டினால் எதிர்த்தே வரும். ஆஞ்சநேயரை நினைந்து சனிக்கிழமை வாழைப்பழம் இடும் அன்பரைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கம் அன்று. ஆனால் அதே அன்பருடைய கொல்லையில் திங்கட்கிழமை கடலை பிடுங்கப்படுவதற்கும் அந்தப் பழத்திற்கும் உள்ள சம்பந்தத்தை அவருக்கு எடுத்துச் சொல்லுதல் வேண்டும். கோயில் நிர்வாகத்தார் நிவேதனப் பொருள்களையும் இலைகளையும் மூடிய தொட்டியில் சேர்த்து அப்புறப்படுத்தினாலே பாதி வேலை முடிந்தது. ஊராட்சியார் குப்பைக் கிடங்கையும் சந்தைப் பேட்டையையும் கவனித்தால் மீதியில் பாதி.

குரங்கின் முகக்குறிகளை மனிதர் தவறாக அறிவதாலும் தொல்லை விளைகின்றது. பல்லைக் காட்டி இளிக்கும் குரங்கு சிரிப்பதாக நினைத்துச் சிலர் அருகில் போகின்றனர். உதட்டைப் பின்னுக்கு இழுத்துப் பல்லைக் காட்டுவது பெரும்பாலும் அச்சத்தின் அல்லது பணிவின் அடையாளம். வாயை அகலத் திறந்து கொட்டாவி விடுவதுபோல் கோரைப்பல்லைக் காட்டும் கடுவன் தூக்கக் கலக்கத்தில் இல்லை, எச்சரிக்கின்றது. கண்ணோடு கண் உற்றுப் பார்ப்பதைக் குரங்கு சண்டைக்கு அழைப்பதாகவே கொள்ளும். அறுவடைக்குச் செல்லும் பெண்களுக்கும் பள்ளிப் பிள்ளைகளுக்கும் இம்மூன்றையும் சொல்லிவைத்தல் நலம்.

சேதம் மிகுந்த ஊர்களில் யாவரும் நாடும் பரிகாரம், ஆள் வைத்துக் கூண்டில் பிடித்து வேறிடத்தில் விடுவதாகும். இதைப்போல் ஏமாற்றம் தரும் முறை வேறில்லை. நான்கு கூட்டங்கள் உள்ள ஊரில் கூண்டில் எளிதில் விழுபவை குட்டிகளும் இளங்குரங்குகளுமே. வயலைக் காட்டிக்கொடுத்த முதுமந்தி கூண்டைச் சுற்றி வந்து பார்த்துவிட்டுப் போய்விடும். மீந்தவை கலைந்து இரு சிறு கூட்டங்களாகி இரு திசையிலும் சேதம் செய்யும். முழுக் கூட்டத்தையும் பிடித்துவிட்டாலோ, காலியான மரங்களையும் உணவையும் பக்கத்துக் கூட்டம் வந்து பற்றிக்கொள்ளும். பிடிபட்டவற்றை இரவோடிரவாக மலையடிவாரத்தில் அவிழ்த்துவிடுகின்றனர். அவற்றுக்கு அந்தக் காட்டின் பழமும் தெரியாது, நீரும் தெரியாது. மனிதரையும் வீட்டையும் மட்டுமே தெரியும். ஆகவே அவை அருகிலுள்ள முதற் குடியிருப்புக்குள் புகும். அங்குள்ளவர்கள் பெரும்பாலும் மலைவாழ் மக்கள். ஒரு ஏக்கருக்கும் குறைவான சோளமும் கிழங்கும் நம்பி வாழ்பவர்கள். நமது ஊர்ச் செலவில் அவர்களுடைய களஞ்சியத்தைக் காலி செய்வதாகவே இது முடிகின்றது. அன்றியும், 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பு இக்குரங்கிற்கு உண்டு. அதைக் கொல்லுதலும், வனத்துறை அனுமதியின்றிப் பிடித்தலும் தண்டனைக்குரிய குற்றங்கள். நஞ்சு வைத்தல் அதனினும் கொடிது. அந்த நஞ்சு ஊர் நாய்க்கும் மாட்டுக்கும், சில சமயம் குழந்தைக்கும் செல்லும்.

இனப்பெருக்கத் தடை அறுவையைப் பற்றியும் கேட்கப்படுகின்றது. இமாசலப் பிரதேசத்தில் ரீசஸ் குரங்குகளுக்கு 2007ஆம் ஆண்டை ஒட்டித் தொடங்கி ஒரு லட்சத்திற்கும் மேற்பட்ட அறுவைகள் செய்யப்பட்டிருக்கின்றன. அறுவை செய்யப்பட்ட குரங்கு ஈனாது; ஆனால் உண்ணாமல் இராது. பயன் தெரியப் பல ஆண்டுகள் வேண்டும். தனி ஒரு கிராமம் தன் செலவில் செய்யத்தக்க வேலை அன்று இது.

வெடியும் பொம்மையும் எவ்வளவு பயன் தரும்? குரங்கு புத்தியுள்ள பிராணி. வெடிச் சத்தத்தால் தீங்கு ஏதும் வரவில்லை என்று சில நாட்களில் கண்டுகொள்ளும். சிறுத்தையின் உடற்புள்ளிகளைக் கண்டமாத்திரத்தில் எச்சரிக்கைக் குரல் எழுப்பி மரமேறும் இயல்பு இதற்கு உண்டு என்பதை ஆராய்ச்சியாளர் சிறுத்தை உருவங்களைக் காட்டிச் சோதித்து அறிந்திருக்கின்றனர். 2019ஆம் ஆண்டில் கர்நாடகத்துச் சிவமொக்கா மாவட்டத்தில் ஒரு குடியானவர் தம் நாய்க்குப் புலிவரி தீட்டித் தோட்டத்தில் உலவவிட்டார். செய்தித்தாள்கள் அதை வேடிக்கையாக வெளியிட்டன. ஆனால் அதில் புத்தி இருக்கின்றது. நிலையாய் நிற்கும் பொம்மையைவிட நடமாடும் நாய் மேலானது. உருவங்களை உபயோகிப்பவர்கள் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை இடம் மாற்ற வேண்டும். பயிர் முதிரும் முன்பே வைத்துப் பழக்கிவிடாமல், சேதம் தொடங்கும் வாரத்தில் மட்டும் வைக்க வேண்டும்.

எல்லாவற்றிலும் பலன் தருவது முதல் நாட்களின் காவலே. கூட்டம் ஒரு வயலுக்குள் முதன்முறை இறங்கும்போது தயங்கித் தயங்கியே இறங்கும். ஒன்றிரண்டு கடுவன்கள் முன்வந்து பார்க்கும். அந்த முதல் வாரத்தில், ஒரு கன்னப்பை கூட நிரம்பாதபடி, ஆளும் நாயும் சேர்ந்து மரம் வரை துரத்திச் சென்று விரட்டினால், கூட்டம் அந்த வயலைப் பயனற்றதென்று கருதி வழியை மாற்றிக்கொள்ளக்கூடும். பத்து நாள் தின்ற பிறகு விரட்டுவது மிகக் கடினம். பெரும்பாலோர் சேதத்தைக் கண்ட பின்னரே காவல் போடுகின்றனர். காய் பிடிக்கும் தேதியைக் கணக்கிட்டு ஒரு வாரம் முன்னதாகவே காவல் தொடங்குதல் சிலாக்கியம். பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஒரே சமயத்தில் விதைத்து, ஒரே சமயத்தில் காவலிருந்தால் ஒருவருக்கு ஆகும் சிரமம் பங்கிடப்படும். ஒருவர் மட்டும் முந்தி விதைத்தால் ஊர்க் குரங்கு யாவும் அவர் வயலுக்கே வரும்.

வேலி போடுவோர் முதலில் மரக்கிளைகளைப் பார்க்க வேண்டும். வேலிக்கு மேல் நீண்ட ஒரு கிளை இருந்தால் வேலிக்குச் செலவிட்ட பணம் அத்தனையும் வீண். கிளைக்கும் வேலிக்கும் இடையே குரங்கு தாவ முடியாத தூரம் விட்டுக் கிளைகளைக் கழிக்க வேண்டும். மரத்தையே வெட்ட வேண்டியதில்லை. கம்பி வலையின் மேற்பகுதியை இறுக்கிக் கட்டாமல் தளர்வாய் வெளிப்புறம் சாய்த்துவிட்டால் ஏறும் குரங்குக்குப் பிடி கிடைப்பது அரிது. சூரிய மின்வேலி நன்று. அது அதிர்ச்சி தருமேயன்றிக் கொல்லாது. வனத்தை ஒட்டிய நிலங்களில் அதற்கு 2023ஆம் ஆண்டு விதிகளின்படி பதிவு வேண்டும். மின் கம்பத்திலிருந்து நேரே மின்சாரம் இழுத்துக் கட்டும் வேலியோ கொலைக் கருவி. அதில் யானையும் மாண்டிருக்கின்றது, நீர் பாய்ச்சச் சென்ற மனிதரும் மாண்டிருக்கின்றனர்.

பயிர் மாற்றத்தையும் யோசிக்கலாம். காட்டோரத்து முதல் பத்து வரிசைகளில் மிளகாய், மஞ்சள், பருத்தி, ஆமணக்கு போன்ற குரங்கு அதிகம் நாடாதவற்றை வைத்து, கடலையையும் மக்காச்சோளத்தையும் ஊர்ப்பக்கமாக உள்ளே தள்ளுதல் உசிதம். மிளகாய் முழுக் காப்பு என்று எண்ணலாகாது. மரத்திலிருந்து கடலைக்கு உள்ள தூரத்தை அது அதிகமாக்குகின்றது, அவ்வளவே. ஆனால் திறந்தவெளியில் ஓட அஞ்சும் பிராணிக்கு அந்தத் தூரம் பெரிது. புறம்போக்கில் ஆல், அத்தி, நாவல் நடுவோர் காட்டின் பக்கமாக நட வேண்டும். வயலோரத்தில் நட்டால் நாமே ஏணி வைத்துக் கொடுத்ததாகும்.

கடியுண்டவர்கள் மஞ்சள் பற்றோ சுண்ணாம்போ இட்டுக் காலம் கடத்தலாகாது. ஓடும் நீரில் சோப்பிட்டுப் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவி, அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்தில் வெறிநோய்த் தடுப்பூசியைத் தொடங்க வேண்டும். சிறு கீறலாயினும் மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

கிராம அதிகாரிகள் ஒரு காரியத்தைத் தவறாமல் செய்தல் வேண்டும். 1957ஆம் ஆண்டு கர்நாடகத்தின் கியாசனூர் வனத்தில் முதன்முதல் கண்டறியப்பட்ட குரங்குக் காய்ச்சல் உண்ணிகளால் பரவுவது; மந்திகளும் நாட்டுக் குரங்குகளும் அதனால் மாள்வதுண்டு. நீலகிரிப் பகுதியின் வனங்களை ஒட்டிய ஊர்களில் வறண்ட மாதங்களில் காட்டோரத்தில் செத்த குரங்கைக் கண்டால், அடக்கம் செய்யும் வழக்கத்தை உத்தேசித்து உடனே கையால் எடுக்கலாகாது. இடத்தை அடையாளமிட்டு, விறகு பொறுக்குவோரையும் ஆடு மேய்ப்போரையும் அப்பக்கம் செல்லாமல் தடுத்து, வனத்துறைக்கும் கால்நடை மருத்துவருக்கும் சுகாதார நிலையத்துக்கும் அன்றைய தினமே தகவல் அனுப்ப வேண்டும். பயிர்ச் சேதத்தைப் பற்றிய மனுவிலும், வெறுமனே குரங்குத் தொல்லை என்று எழுதாமல், புல எண், பயிர், அதன் வயது, கூட்டம் வந்த திசை, வந்த வேளை, அருகில் உணவிடும் இடம் உண்டா என்பவற்றைக் குறித்து அனுப்பினால், வனத்துறையார் எந்தக் கூட்டம் எங்கிருந்து வருகின்றது என்று கண்டுபிடிக்க அது உதவும்.